கையில் இருக்கும் பேசியும் வீட்டில் இருக்கும் ஹக்கும்

 

 

நம்முடைய மார்க்கத்தில் 'ஹக்கு' என்று ஒரு சொல் உண்டு. உரிமை, கடமை, உண்மை என்று பல பொருள்கள் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அல்லாஹ்வுக்கு நாம் செலுத்த வேண்டியது ஹக்குல்லாஹ். அவனுடைய அடியார்களுக்கு நாம் செலுத்த வேண்டியது ஹக்குல் இபாத். அல்லாஹ்வின் ஹக்கில் குறை செய்தவன் அவனிடமே அழுது தௌபாச் செய்து, மன்னிப்பை ஆதரவு வைக்கலாம். அடியானின் ஹக்கைப் பறித்தவனோ அந்த அடியானிடமே போய் நின்று கணக்கைத் தீர்த்தாக வேண்டும். நம் பெரியோர்கள் நமக்கு ஓதிக் கொடுத்த பாடம் இது.

இந்த மாதம் நாம் செல்போனையும், அதில் வரும் வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகியவற்றையும் இந்த ஹக்கு என்னும் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்போம். செல்போன் கூடுமா, கூடாதா என்பது அல்ல நம் கேள்வி. அது ஒரு சாமான். நல்லவன் கையில் நல்லதற்கும், கெட்டவன் கையில் கெட்டதற்கும் பயன்படும். நம் கேள்வி வேறு. அதைக் கையில் எடுத்து நாம் செலவழிக்கும் நேரம் யாருடைய நேரம்? அந்த நேரத்தில் யாருக்கு ஹக்கு இருந்தது?

நன்மையை மறைக்கலாகாது

முதலில் நன்மையைச் சொல்லிவிடுவோம். மேலப்பாளையம், பேட்டை, பத்தமடை, ஏர்வாடி, கடையநல்லூர், காயல்பட்டினம் என்று தாமிரபரணிக் கரையிலும் அதைச் சுற்றிலும் உள்ள நம் ஊர்களில் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போன ஆண்மக்கள் ஏராளம். 1970களிலும் 80களிலும் அவர்களிடமிருந்து ஒரு கடிதம் கடல் தாண்டி வர வாரக்கணக்கில் ஆயிற்று. எழுத்தறியாத உம்மா, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போன பிள்ளை எப்போது திரும்பி வருவான், எப்போது படித்துக் காட்டுவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊருக்கு வருபவர் கையில் ஒலிநாடாவில் குரலைப் பதிந்து அனுப்பியவர்களும் உண்டு. அந்தக் குரலைக் கேட்டு வீடே அழும்.

இன்று நிலைமை வேறு. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி, இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. அதன் பிறகு பீடி சுற்றும் வீட்டிலும், கோரைப்பாய் முடையும் வீட்டிலும் ரியாத்தில் இருக்கும் மகனின் முகத்தைக் கண்ணால் கண்டு பேச முடிகிறது. வாப்பா பார்க்காமலே பிறந்த பிள்ளை, வாப்பாவின் சிரிப்பை அடையாளம் கண்டு தானும் சிரிக்கிறது. இது அல்லாஹ் தந்த நிஃமத் அல்லாமல் வேறென்ன? அந்தப் பேச்சு வீட்டின் ஹக்கைப் பறிக்கவில்லை. அதுவே வீட்டின் ஹக்கு. சொந்தபந்தத்தைச் சேர்த்து வாழும் இபாதத் அது. ஆகவே செல்போன் வேண்டாம் என்று சொல்ல இங்கு யாரும் வரவில்லை. உறவைச் சேர்க்கும் அந்தச் சாமானே, ஒரே பாயில் இருக்கும் உறவைப் பிரித்துவிடாமல் காப்பது எப்படி என்பதுதான் பேச்சு.

வணக்கத்திற்கே அளவு உண்டென்றால்

ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு சம்பவத்தைக் கவனியுங்கள். ஹிஜ்ரத்திற்குப் பின் பெருமானார் (ஸல்) அவர்கள் ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களையும் அபுத்தர்தா (ரலி) அவர்களையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஒரு நாள் ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரரைக் காண அவருடைய இல்லம் சென்றார்கள். வீட்டுக்காரி உம்முத்தர்தா (ரலி) அவர்கள் தம்மைக் கவனித்துக்கொள்ளாமல் பழைய கந்தல் உடையில் இருந்தார்கள். ஏன் இந்தக் கோலம் என்று கேட்டபோது, உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் எந்தத் தேவையும் இல்லை என்ற கருத்தில் பதில் வந்தது.

அபுத்தர்தா (ரலி) அவர்கள் வந்து விருந்தாளிக்கு உணவு வைத்தார்கள். தாம் நோன்பு என்றார்கள். நீங்கள் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன் என்று ஸல்மான் (ரலி) அவர்கள் பிடிவாதமாகச் சொல்லிச் சாப்பிட வைத்தார்கள். இரவில் தொழ எழுந்தபோது, இப்போது உறங்குங்கள் என்று தடுத்தார்கள். இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி இருவருமாகத் தொழுதார்கள். அதன் பிறகு, உம்முடைய இறைவனுக்கு உம்மீது ஹக்கு உண்டு, உம் உடலுக்கு உம்மீது ஹக்கு உண்டு, உம் குடும்பத்தாருக்கும் ஹக்கு உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடும் என்ற பொருள்பட உபதேசித்தார்கள். இந்தச் செய்தி பெருமானார் (ஸல்) அவர்களின் சமூகத்திற்குச் சென்றபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

சகோதரர்களே! இதில் இரண்டு செய்திகளைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். அபுத்தர்தா (ரலி) அவர்கள் வீண் விளையாட்டில் பொழுதைப் போக்கியவர்கள் அல்லர். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. அந்த உயர்ந்த வணக்கம்கூட வீட்டாரின் ஹக்கைத் தின்னக் கூடாது என்று மார்க்கம் அளவு வைத்துவிட்டது. வணக்கத்திற்கே அளவு உண்டென்றால், யாரோ எங்கோ சமைத்த சோற்றையும், யாரோ எங்கோ போட்ட சண்டையையும் பார்த்துக்கொண்டு போக்கும் இரவுக்கு அளவு வேண்டாமா?

இரண்டாவது செய்தி இன்னும் நுட்பமானது. உம்முத்தர்தா (ரலி) அவர்கள் யாரிடமும் போய் முறையிடவில்லை. அவர்களுடைய உடைதான் முறையிட்டது. ஸல்மான் (ரலி) அவர்களுக்கு அதைப் பார்க்கக் கண் இருந்தது. நம் வீடுகளிலும் யாரும் வாய் திறந்து முறையிடுவதில்லை. பேச வந்த பிள்ளை பேசாமல் திரும்பிப் போகிறது. வயதான மாமியார் கேட்ட கேள்விக்குப் பதில் வராமல், பிறகு கேட்பதையே விட்டுவிடுகிறார். ஆறிய சோற்றின் முன் ஒரு மனைவி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அடுப்படியில் நிற்கும் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. இவையெல்லாம் முறையீடுகள்தாம். அதைப் பார்க்கும் கண் கைபேசியில் இருந்தால் எப்படித் தெரியும்?

கடைமடைக்குத் தண்ணீர்

நம் தாமிரபரணியை எண்ணிப் பாருங்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் அந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொன்றிலும் கால்வாய் பிரிந்து, கார், பிசானம் என்று இரு பூவுக்கும் வயல்களுக்குத் தண்ணீர் போகிறது. ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடினாலும், மேல்மடைக்காரர் தம் மடையை அடைக்காமல் விட்டுவிட்டால் என்னவாகும்? கடைமடை வயல் காய்ந்துவிடும். மேல்மடைக்காரர் யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. மடையை அடைக்க மறந்தார். அவ்வளவுதான். ஆனால் கீழே ஒரு குடும்பத்தின் பயிர் போயிற்று.

ஒரு நாளின் 24 மணி நேரமும் அப்படி ஓடும் ஆறுதான். செல்போன் மேல்மடையில் இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் முதல் தண்ணீர் அதற்குத்தான். இரவில் கடைசித் தண்ணீரும் அதற்குத்தான். கடைமடையில் யார் இருக்கிறார்கள்? பேச்சு வராத குழந்தை, கண் மங்கிய வாப்பா, வாய் திறந்து கேட்காத மனைவி, குரல் எழுப்பாத நம் தொழுகை. சத்தம் போட்டுக் கேட்கத் தெரியாதவர்கள்தாம் எப்போதும் கடைமடையில் இருக்கிறார்கள்.

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் கூலி நின்றது. செல்போனில் போன அரை மணி நேரம் மாலையில் எண்ணும்போது கட்டுக் கணக்கில் தெரிந்துவிடும். தட்டில் விழுந்த குறை கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளையின் மனதில் விழுந்த குறையை எண்ணிக் காட்டத்தான் கடை இல்லை. அது பத்து வருடம் கழித்துத் தெரியும்.

மூன்று நேரங்கள்

சூரத்துன் நூர், திருக்குர்ஆனின் 24-வது அத்தியாயம். அதன் 27-வது ஆயத்தில், பிறர் வீட்டுக்குள் ஸலாம் சொல்லி அனுமதி பெறாமல் நுழையக் கூடாது என்று அல்லாஹுத்தஆலா கட்டளையிடுகிறான். 58-வது ஆயத்தில் அதைவிட நுட்பமான ஒரு சட்டம் வருகிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பணியாட்களும், வயதுக்கு வராத சிறு பிள்ளைகளும்கூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்டுத்தான் அறைக்குள் வர வேண்டும். சுபுஹுத் தொழுகைக்கு முன்பு, நடுப்பகலில் உடையைத் தளர்த்தி இளைப்பாறும் பொழுது, இஷாத் தொழுகைக்குப் பின்பு. இந்த மூன்றும் உங்கள் மறைவுக்குரிய நேரங்கள் என்று இறைவன் பெயரிட்டு வைத்திருக்கிறான்.

சுப்ஹானல்லாஹ்! பெற்ற பிள்ளையே கதவைத் தட்டிவிட்டு வர வேண்டிய அந்த மூன்று நேரங்களில், ஸலாமும் சொல்லாமல் அனுமதியும் கேளாமல் ஊர் உலகத்தையே அறைக்குள் கொண்டுவந்து நிறுத்துவது எது? நம் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் பேசி அல்லவா? சுபுஹுக்கு எழுந்தவர் ஒளூச் செய்யுமுன் குரூப்பைப் பார்க்கிறார். நடுப்பகலில் சற்றுக் கண்ணயரப் படுத்தவர் ரீல்ஸ் பார்த்து எழுகிறார், கண் எரிச்சலோடு. இஷாவுக்குப் பின் கணவனும் மனைவியும் ஒரே பாயில், ஆளுக்கொரு வெளிச்சத்தில்.

இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் ஈடுபடுவதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை என்று ஹதீஸ் கிரந்தங்கள் கூறுகின்றன. ஆனால் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், இஷாவுக்குப் பின் வீட்டாருடனும் விருந்தாளியுடனும் பேசுவதற்கு இடம் உண்டு என்று தனிப்பாடமே அமைத்திருக்கிறார்கள். பாருங்கள், அந்த இரவுப் பொழுதில் பேச்சுக்கு அனுமதி பெற்றவர்களில் வீட்டார் இருக்கிறார்கள். இன்று நாம் அதை அப்படியே தலைகீழாக்கி விட்டோம். வீட்டாருடன் பேச்சு இல்லை. மற்ற எல்லோருடனும் பேச்சு உண்டு.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். சவூதியில் இரவு 9 மணி என்றால் நமக்கு 11.30. வேலை முடிந்து வந்து கணவர் அழைக்கும் நேரமே அதுதானே என்று ஒரு சகோதரி கேட்கலாம். கேட்பது நியாயம். அந்த அழைப்பு அந்நியருடையது அல்ல. கடலுக்கு அப்பால் இருந்தாலும் அவர் அந்த வீட்டின் ஆள். அவருக்கு அந்த நேரத்தில் ஹக்கு உண்டு. அழைப்பு முடிந்த பிறகு கை தானாக வேறு பக்கத்துக்குப் போய் மணி 1 ஆகிறதே, அந்த நேரம்தான் ஹக்கு இல்லாத நேரம். கணவர்மார்களும் கவனிக்க வேண்டும். மனைவி கடைசியாக எத்தனை மணிக்கு வாட்ஸ்அப்பில் இருந்தாள் என்று அங்கிருந்து வேவு பார்ப்பது அன்பு ஆகாது. துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று சூரத்துல் ஹுஜுராத்தின் 12-வது ஆயத் தடுத்திருக்கும் செயல் அது.

இங்கே ஒரு பார்வை, அங்கே ஒரு பார்வை

நஸாயீயில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு ஹதீஸ் வருகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு மோதிரம் செய்து அணிந்திருந்தார்கள். தோழர்களோடு இருந்தபோது, இது இன்று என் கவனத்தை உங்களிடமிருந்து திருப்பிவிட்டது, இதை ஒரு பார்வை, உங்களை ஒரு பார்வை என்றாகிவிட்டது என்ற கருத்தில் கூறி, அந்த மோதிரத்தைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

சகோதரர்களே! ஒரு மோதிரம். அது பேசாது, பாடாது, மணியடித்துக் கூப்பிடாது. அந்தச் சின்னஞ்சிறு பொருள்கூடத் தம்மை நம்பி எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் ஹக்கில் பங்கு கேட்டது என்பதற்காக எறிந்தார்களே எம்பெருமானார்! அவர்கள் ஒருவர் பக்கம் திரும்பினால் முகத்தை மட்டும் திருப்பாமல் முழு உடலோடும் திரும்புவார்கள் என்று அவர்களின் குணநலன்களை எழுதிய இமாம்கள் குறித்துள்ளார்கள். நம்மை யாரும் செல்போனை எறியச் சொல்லவில்லை. பிள்ளை வந்து 'வாப்பா' என்று கூப்பிட்டால், அதைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு முழு உடலோடு திரும்பும் சுன்னத்தையாவது செய்யலாம் அல்லவா?

பிள்ளை என்றதும் இன்னொரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. ஜமாஅத்தை நீட்டித் தொழ எண்ணி நின்ற பெருமானார் (ஸல்) அவர்கள், பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாய்க்குச் சிரமம் ஆகுமே என்று தொழுகையையே சுருக்கிக்கொள்வார்கள். இது புகாரியில் உள்ளது. தொழுகையைச் சுருக்க வைத்த அழுகை, இன்று ஒரு ரீல்ஸை நிறுத்த வைக்கவில்லை. அழும் பிள்ளையின் கையில் இன்னொரு பேசியைக் கொடுத்து வாயை மூடுகிறோம். நிலாவையும் காக்காவையும் காட்டிச் சோறூட்டிய காலம் போய், செல்போனைக் காட்டாமல் ஒரு கவளம் உள்ளே போகாத காலம் வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை பார்க்கும் நேரமே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்றும் கூறியிருக்கிறது.

சுவரில் விழுந்த துளை

ஒரு மனிதர் பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்தில் இருந்த ஒரு துளை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்கும் சட்டம் வைக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று உணர்த்தினார்கள். புகாரியில் வரும் செய்தி இது. அன்று துளை வெளியிலிருந்து பார்த்தவருக்குக் கிடைத்தது. இன்று நம் வீட்டுச் சுவரில் நாமே துளை போட்டு, வந்து பாருங்கள் என்று ஊரை அழைக்கிறோம். அதற்கு ஸ்டேட்டஸ் என்று பெயர்.

புது மருமகள் சமைத்தது, மகள் வயதுக்கு வந்தது, கணவன் மனைவிக்குள் நடந்த மனத்தாங்கல், நோயில் படுத்த பெத்தும்மாவின் கோலம் எல்லாம் அதில் போகிறது. படுத்திருக்கும் அந்தப் பெரிய மனுஷியிடம் யாராவது அனுமதி கேட்டோமா? அவருடைய கண்ணியமும் ஓர் அமானத் அல்லவா? இன்னொரு பக்கம், அடுத்த வீட்டு ஸ்டேட்டஸைப் பார்த்துத் தன் வீட்டைக் குறை காணும் நோய். மேல் இருப்பவனைப் பார்க்காமல் கீழ் இருப்பவனைப் பார்த்தால் அல்லாஹ்வின் நிஃமத்தை அற்பமாக எண்ண மாட்டீர்கள் என்ற நபிமொழி இந்த நோய்க்கு அருமருந்து.

கேட்டதையெல்லாம் அனுப்பும் கை

வீட்டு வேலையை விட்டு நாம் பார்த்து அனுப்பும் செய்திகள் எங்கே போய் முடிகின்றன என்பதையும் அறிய வேண்டும். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் தமிழ்நாடு முழுவதும் பரவியது. குலதெய்வக் கோயிலைத் தேடி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் உறவினரோடு காரில் போன 65 வயது மூதாட்டி ஒருவர், வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதைக் கண்டு சந்தேகித்த கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. உடன் சென்றவர்களும் படுகாயமடைந்தனர். இந்தியாவின் பல இடங்களில் இப்படி உயிர்கள் பறிபோன பிறகு, அதே ஆண்டு ஜூலையில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு வைத்தது.

அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் எல்லோரும் கொலைகாரர்களா? இல்லை. நம்மைப் போன்ற தாய்மாரும் தந்தைமாரும்தான். பிள்ளைகள் மீது உள்ள பாசத்தால்தான் அனுப்பினார்கள். ஆனால் சூரத்துல் ஹுஜுராத்தின் 6-வது ஆயத்தோ, நம்பத்தகாதவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளிந்துகொள்ளாவிட்டால், அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துப் பிறகு வருந்த நேரும் என்று எச்சரிக்கிறது. கேட்டதையெல்லாம் அறிவிப்பது ஒன்றே ஒரு மனிதன் பொய்யன் ஆவதற்குப் போதும் என்ற பொருளில் ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் ஹதீஸ் உள்ளது.

சட்டம் வீட்டுக்குள் வராது

அரசாங்கம் தடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் செயலியைத் தடைசெய்ய உத்தரவிட்டது. அதே மாதத்திலேயே அந்தத் தடை நீங்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் போயிற்று. வீடுகளில் நேரம் மிச்சப்பட்டதா? அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்து அந்த இடத்தை நிரப்பியது. செயலி போனாலும் பழக்கம் போகவில்லை. மடையைத் திறந்து மூடும் பொறுப்பு நீதிமன்றத்திடம் இல்லை, நம் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கிறது. நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பர், உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற நபிமொழியில், குடும்பத்தலைவனுக்கும் இடம் உண்டு, குடும்பத்தலைவிக்கும் இடம் உண்டு.

கோபுரம் சாய்ந்த நாள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பகுதி மக்கள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது. மின்சாரம் போயிற்று. செல்போன் கோபுரங்கள் பல செயலிழந்தன. தொடர்பு இருந்தவரை, எந்தத் தெருவில் யார் சிக்கியிருக்கிறார்கள் என்று அறிய அதே வாட்ஸ்அப் உதவியது உண்மை. தொடர்பு அறுந்த பிறகு என்ன மிஞ்சியது? பக்கத்து வீட்டுக்காரர் மிஞ்சினார்.

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வெள்ளத்தில் சிக்கி நின்றது. பக்கத்திலுள்ள புதுக்குடி கிராமத்து மக்கள், தங்களுக்கே தட்டுப்பாடான வேளையில், இருந்ததைக் கொண்டு ஆக்கிப் பயணிகளுக்கு உணவளித்தார்கள். செய்துங்கநல்லூரில் பள்ளிவாசலின் கதவு திறந்து, வெள்ளத்தால் வீடிழந்த இந்துக் குடும்பங்களுக்கு இடமும் உணவும் கொடுத்தது. அந்த நாளில் ஆயிரம் பேர் உள்ள குரூப் உதவிக்கு வரவில்லை. கூப்பிடு தூரத்தில் இருந்தவர்கள் வந்தார்கள். கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களின் பெயரும் முகமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமானால், மழை இல்லாத நாளிலும் தலையை நிமிர்த்தி அவர்களைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்று முதல் செய்யத்தக்கவை

ஒன்று: அல்லாஹ் பெயரிட்டுச் சொன்ன அந்த மூன்று நேரங்களையும் வீட்டில் காப்பாற்றுங்கள். சுபுஹுத் தொழுது முடிக்கும் வரையிலும், நடுப்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பிறகும் பேசி படுக்கையறைக்கு வெளியே, ஓர் அலமாரியில் இருக்கட்டும். அவசர அழைப்பு வந்தால் மணி கேட்கும். வெளிநாட்டில் இருப்பவரின் அழைப்புக்கு எப்போதும் விலக்கு உண்டு.

இரண்டு: மஃரிபிலிருந்து இஷா வரை பிள்ளைகள் ஓதும் நேரம். அந்த நேரத்தில் பிள்ளையின் கையில் குர்ஆனும் வாப்பாவின் கையில் பேஸ்புக்கும் இருந்தால், பிள்ளை குர்ஆனைப் பார்த்துப் படிப்பதில்லை, வாப்பாவைப் பார்த்துப் படிக்கிறது.

மூன்று: சோற்றுத் தட்டின் முன் யார் கையிலும் பேசி வேண்டாம். குழந்தைக்கு ஊட்டும்போதும் அப்படியே. இரண்டு நாள் அழும். மூன்றாம் நாள் சாப்பிடும்.

நான்கு: வீட்டில் ஒருவரின் படத்தை வெளியிடுமுன் அவரிடம் அனுமதி கேளுங்கள். கேட்க முடியாத நிலையில் இருப்பவரின் படம் வேண்டவே வேண்டாம்.

ஐந்து: ஒரு செய்தியை அனுப்புமுன், இது உண்மை என்று எனக்குத் தெரியுமா, இதை அனுப்பும் வேலை என்னுடையதா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்ற பதில் வராத செய்தி நம் கையோடு நின்றுவிடட்டும்.

ஆறு: சட்டத்தை வீட்டில் சிறியவருக்கும் பெண்களுக்கும் மட்டும் போடாதீர்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாருக்கு வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டு விடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தெரிவித்தார்கள். ஒரு கையில் பேசியோடு சாய்ந்து கிடந்து, மனைவி செல்போன் பார்க்கிறாள் என்று குறை சொல்பவர் இந்த ஹதீஸை ஒரு முறை ஓதிப் பார்க்க வேண்டும். கிணற்றடியிலும் அடுப்படியிலும் கை கொடுத்த கணவனுக்குத்தான், வா, இனி இருவரும் பேசியை எடுத்து வைப்போம் என்று சொல்லும் தகுதி உண்டு.

அன்பர்களே! காலத்தின் மீது சத்தியம் செய்து, மனிதன் நஷ்டத்தில் இருக்கிறான் என்று அறிவிக்கும் சூரத்துல் அஸ்ரை நம்மில் பலரும் அன்றாடத் தொழுகையில் ஓதுகிறோம். அந்த நஷ்டத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள் ஈமான் கொண்டு, நல்ல அமல்கள் செய்து, ஒருவருக்கொருவர் உண்மையையும் பொறுமையையும் உபதேசித்துக் கொள்பவர்கள். உண்மை என்று நாம் பொருள் சொல்லும் அந்த இடத்தில் அரபியில் இருக்கும் சொல் எது தெரியுமா? ஹக்கு! இந்த உபதேசம் முதலில் நடக்க வேண்டிய இடம் நம் வீட்டுக் கூடம்தான்.

யா அல்லாஹ்! நீ தந்த நேரத்தை உரியவர்களுக்கு உரிய அளவில் பங்கிட்டுக் கொடுக்கும் பக்குவத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் மனைவி மக்களை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாகவும், எங்களை அவர்களுக்குக் கண்குளிர்ச்சியாகவும் ஆக்குவாயாக! கடல் கடந்து உழைக்கும் எங்கள் ஆண்மக்களையும், அவர்களுக்காகக் காத்திருக்கும் எங்கள் பெண்மக்களையும் உன் பாதுகாப்பில் வைப்பாயாக! நாளை மஹ்ஷரில் எங்கள் பிள்ளைகள் எங்கள் மீது வழக்குத் தொடுக்காத நிலையில் எங்களை எழுப்புவாயாக! ஆமீன்! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!